மருமகன் போட்ட சாட்சிக் கையெழுத்து

எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். மீன்காரி கூடையை இறக்கினால் மேலே கிடக்கிற மீனைப் பார்க்கவே மாட்டேன், அடியில் கையை விட்டு எடுத்துச் செவிளைப் பிரித்துப் பார்ப்பேன். கடைக்காரன் தராசைத் தூக்கினால் என் கண் அவன் சுண்டுவிரலில்தான் இருக்கும். அம்மா உயிரோடு இருந்தபோது இதற்காகவே திட்டுவாள். உன்னைக் கட்டுகிறவன் பாடு திண்டாட்டம்தான் என்பாள். கடைசியில் திண்டாடியது நான்தான்.

காரோட்டில் எங்கள் வீட்டுவிளை அறுபது சென்ட். நடுவில் ஓட்டு வீடு, பின்னால் கிணறு, சுற்றிலும் தென்னையும் இரண்டு பிலாமரமும். கோடையில் அக்கம்பக்கத்துக் கிணறெல்லாம் வற்றினாலும் எங்கள் கிணற்றில் தண்ணீர் இருக்கும். நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணத்துக்குப் பிறகு அங்கேதான் இருந்தோம். அம்மா போய்விட்டாள், அப்பாவுக்குக் கால் வீங்கிக்கொண்டே வந்தது, பார்க்க ஆள் வேண்டுமல்லவா. எனக்கு ஒரே அண்ணன், நான்கு வயது மூத்தவன். அவன் உதியன்குளங்கரையில் வீடு கட்டித் தேங்காய் வியாபாரம் செய்துகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சைக்கிளில் வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போவான். அதிகம் பேசமாட்டான். பேசாத ஆட்களை நான் என்றைக்கும் நம்பியதில்லை.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த வருஷங்கள் அவை. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா தமிழ்ப் பக்கம் போகுமா, மலையாளத்தோடேயே நிற்குமா என்பதுதான் சாயாக்கடையிலும் கோயில் வாசலிலும் பேச்சு. பஸ்ஸில் ஏறினால் பக்கத்து ஆள் எந்தப் பாஷையில் சீட்டுக் கேட்கிறான் என்று முதலில் காதைத் தீட்டிக்கொள்வோம். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பது. இரண்டு பாஷையும் எங்களுக்கு வாயில் வரும், சந்தைக்கு ஒன்று, சபைக்கு ஒன்று என்று பேசிக்கொண்டு பழகியவர்கள்தான். ஆனால் அந்த வருஷங்களில் ஒருவன் வழக்கமில்லாமல் மலையாளத்தில் குசலம் கேட்டால்கூட, இவன் யாருக்காகக் கேட்கிறான் என்று நினைப்போம். என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். கூட்டம் எங்கே நடந்தாலும் போய்விடுவார். ஒரு தடவை போலீஸ் பிடித்துக்கொண்டு போய்ச் சாயங்காலம்வரை உட்கார வைத்துவிட்டு அனுப்பியது. அன்றிலிருந்து வேலி ஓரம் ஆள் நடமாடினால்கூட நான் எட்டிப் பார்ப்பேன்.

இந்தச் சமயத்தில்தான் அப்பா ஒரு நாள், கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே, ஒஸ்யத்து எழுதப் போகிறேன் என்றார். உயிலுக்கு எங்கள் ஊரில் ஒஸ்யத்து என்றுதான் பெயர்.

எங்கள் பக்கத்துச் சபைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒன்றும் எழுதிவைக்காமல் ஒருவர் கண்ணை மூடினால் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபங்கு. வடக்கே மற்றக் கிறிஸ்தவர்களிடம் பெண்ணுக்குச் சீதனத்தோடு சரி என்பார்கள், எங்களிடம் அப்படி இல்லை. அப்படியானால் எதற்கு எழுத வேண்டும்? எழுதாமலே பாதி எனக்கு வரும். எழுதுவதென்றால் அது குறைப்பதற்குத்தானே? யார் சொல்லி எழுதுகிறார்? வேறு யார், ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வருகிறவன்தான். இவ்வளவும் அந்தக் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவி முடிப்பதற்குள் நான் முடிவு கட்டிவிட்டேன்.

அப்பா விளக்கம் சொல்லத்தான் செய்தார். எழுதாவிட்டால் எல்லாவற்றையும் பாதிபாதியாக வெட்ட வேண்டிவரும், வீட்டையும் கிணற்றையும்கூட. அதனால் வீட்டுவிளை முழுவதும் எனக்கு. பாறசாலைப் பக்கமுள்ள வயலும், விளவங்கோட்டுப் பக்கமுள்ள தென்னந்தோப்பும், மீதி என்ன உண்டோ அதெல்லாமும் அண்ணனுக்கு.

“நடுவுல சொவரு எழுப்பி ரெண்டாக்கினா ஆருக்கும் பிரயோஜனமில்ல மக்கா. வீடு உனக்காக்கும்” என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வேண்டியதும் அந்த வீடும் கிணறும்தான், வயலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன். ஆனால் நன்றாக இருக்கிற எதையும் நம்பாதே என்று என் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. வாயால் வீடு உனக்கு என்பார், தாளில் வேறு எழுதியிருக்கும், நான் மலையாளம் பேசுவேனே தவிர வாசிக்கத் தெரியாது.

நிலப்பத்திரத்தை எங்கள் ஊரில் ஆதாரம் என்போம், அதை எழுதுகிறவர்களெல்லாம் அப்போது மலையாளத்தில்தான் எழுதுவார்கள். நிலம் வாங்கினாலும் விற்றாலும் பதிவுக் கச்சேரிக்குப் போகிற தாள் அந்த எழுத்தில்தான் போகும். எங்கள் அப்பாவின் பழைய ஆதாரங்களும் அப்படித்தான், வீடு நிறையத் தமிழ் பேசிக்கொண்டு பெட்டி நிறைய மலையாளத்தை வைத்திருந்தோம். இதில் ஊரில் ஒரு புரளி வேறு கிளம்பியிருந்தது. தாலுகா தமிழ்ப் பக்கம் போனால் மலையாளத்தில் எழுதியதெல்லாம் செல்லாது என்று. நிற்கிற பக்கமே நின்றால் தமிழில் எழுதியது செல்லாது என்று இன்னொரு புரளி. எதை நம்பினாலும் இன்னொன்றுக்குப் பயப்பட வேண்டும். என் வீட்டுக்காரர் தமிழில்தான் எழுத வேண்டும் என்றார். அப்பா, நான் செத்தபிறகு எந்தப் பக்கம் கொடி பறக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும், வழக்கமாக எழுதுகிறபடியே எழுதட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஆதாரமெழுத்துக்காரர் நெய்யாற்றின்கரையிலிருந்து வந்தார். அப்பாவால் பஸ் ஏற முடியாது என்பதால் அண்ணன் போய்க் கூட்டிக்கொண்டு வந்தான். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை, தோல்பையில் பேனாவும் மைக்குப்பியும். நல்ல மனுஷர் என்று எல்லோரும் சொல்வார்கள். அண்ணன் கூட்டி வந்தவர் என்கிற ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. அதோடு அவர் மலையாளக்காரர். என் வீட்டுக்காரர் அவருக்கு ஒரு நமஸ்காரம்கூடச் சொல்லாமல் கதவில் சாய்ந்து நின்றார்.

அவர் பையிலிருந்து வெறும் வெள்ளைத்தாளை எடுத்தார். நான் விடுவேனா? முத்திரைப் பத்திரம் எங்கே என்றேன். ஒஸ்யத்துக்கு முத்திரைப் பத்திரம் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும் என்றார். நிலத்துக்கான தாளுக்கு முத்திரை வேண்டாமா, யாருக்குக் காது குத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தேன். அவன் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிற்பாடு விசாரித்ததில் முத்திரை வேண்டாம் என்பது உண்மைதான். அன்றைக்கு அது எனக்கு இரண்டாவது சந்தேகம்.

எழுதி முடித்து அவர் வாசித்தார். நான் மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை என் வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி எழுத்துக்கூட்டிப் பார்க்கச் சொன்னேன். அவருக்கு மலையாள எழுத்து அரைகுறையாகத் தெரியும். வீட்டுவிளை அறுபது சென்டும் வீடும் கிணறும் மகளுக்கு, மீதியுள்ள சகலமும் மகனுக்கு. மூன்று தடவையும் அதுதான் வந்தது. அப்பா சொன்னபடியேதான் இருந்தது. அதோடு நான் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குப் போயிருக்க வேண்டும்.

அப்பா கையெழுத்துப் போட இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் சபையின் உபதேசியார், வயதானவர், அவர்மேல் எனக்கு ஒன்றுமில்லை. இன்னொருவர் அண்ணன் கூட்டி வந்த ஆள், உதியன்குளங்கரையில் அவனுக்கு அடுத்த கடைக்காரர். ஓஹோ, இதுதானா விஷயம் என்று எனக்குப் பொறி தட்டியது. தாளில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். நாளைக்கு அப்பா போனதும் இந்தக் கடைக்காரர் வந்து, எழுதும்போது கிழவருக்குப் புத்தி சுவாதீனமில்லை, நான் கண்ணால் கண்டேன் என்று சொல்வார். உபதேசியார் அதற்குள் இருப்பாரோ போவாரோ. சாட்சி அவன் ஆள் என்றால் ஒஸ்யத்தும் அவன் கையில்தானே?

எங்கள் வழக்கத்தில் சாட்சி என்றால் சொந்தக்காரன்தான். என் கல்யாணப் பதிவுப் புத்தகத்தில் பெண் பக்கம் சாட்சி போட்டது இதே அண்ணன்தான். பையன் பக்கம் என் வீட்டுக்காரருடைய சித்தப்பா. போதகர் முன்னால் சொந்தக்காரன் பெயர் விழுந்தால்தான் காரியத்துக்குப் பலம் என்பது எங்கள் சபையில் குழந்தைக்குக்கூடத் தெரியும். வழியில் போகிறவனைக் கூப்பிட்டு யாராவது சாட்சி போடச் சொல்வார்களா? அதனால் நான் சொன்னேன், இரண்டாவது சாட்சி என் வீட்டுக்காரர் போடட்டும்.

ஆதாரமெழுத்துக்காரர் பேனாவைக் கீழே வைத்தார்.

“மருமகன் ஒப்பிடண்டா. வேறே ஆரெயெங்கிலும் விளிக்கு” என்றார். மருமகன் கையெழுத்துப் போட வேண்டாம், வேறு யாரையாவது கூப்பிடுங்கள் என்று.

ஏன் என்று கேட்டேன். அது சட்டத்தில் பிசகு, வக்கீல்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், தோஷம் பெண்ணுக்குத்தான் என்று மலையாளத்தில் சொன்னார். முழுதாகச் சொல்லியிருப்பார், நான்தான் விடவில்லை. எனக்குத் தோஷம் வந்தால் உங்களுக்கு எதற்கு வலிக்கிறது என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் அதற்குமேல் போனார். தமிழன் கையெழுத்து இவர்களுடைய தாளில் விழக்கூடாது, அதுதான் பிசகு என்றார். அந்த மனுஷருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் அப்பாவைப் பார்த்தார்.

“மக்கா, அவரு வேண்டாம்னு சொன்னா ஏதெங்கிலும் காரணம் உண்டு” என்றார் அப்பா.

“அப்பாவும் அண்ணனுக்க பக்கந்தானா?”

இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. நடிப்பில்லை, நிஜமான அழுகை. இத்தனை வருஷம் கால் பிடித்து, கஞ்சி வைத்து, மருந்து காய்ச்சிக் கொடுத்தும் என் பக்கம் ஒருவரும் இல்லை என்று நினைத்தேன். உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

“சரி. போடட்டு” என்றார்.

என் வீட்டுக்காரர் தமிழில், முழுப்பெயரும் அப்பா பெயரும் சேர்த்து, தாளின் கீழே நல்ல பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். கடைக்காரர் சாயாவைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குப் போரில் ஜெயித்த திருப்தி.

அந்தத் திருப்தி அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. ஆதாரமெழுத்துக்காரரை பஸ்ஸுக்கு விட அண்ணன் கூடப் போனான். வேலியைத் தாண்டியதும் இருவரும் நின்று தலையோடு தலை வைத்துப் பேசுவதை அடுக்களைச் சன்னலிலிருந்து பார்த்தேன். அவர் விரலை நீட்டி நீட்டி ஏதோ சொன்னார், அண்ணன் கேட்டுக்கொண்டே நின்றான். திரும்பி வந்தவன் வீட்டுக்குள் வரவில்லை. அப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் கிணற்றங்கரைக்குக் கூட்டிப் போனான். பிலாமரத்தடிக் கல்லில் அப்பாவை உட்கார வைத்துவிட்டுக் குனிந்து பேசினான். எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. உரலைத் தள்ளிப்போடுகிற சாக்கில் வெளியே வந்தேன், அப்போதும் கேட்கவில்லை. அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். அவன் முடியாது என்று தலையாட்டினான். அப்பா விடவில்லை. கடைசியில் அவன் சரி என்பதுபோலத் தலையசைத்துவிட்டுத் தோளில் கிடந்த தோர்த்தால் முகத்தைத் துடைத்தான். என்னைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்துதான் என்னை ஏமாற்றுகிறார்கள். கையெழுத்தில் நான் தடுத்துவிட்டதால் வேறு வழி பார்க்கிறார்கள். ஒஸ்யத்தை நான் வைத்துக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் கேட்டேன். வச்சுக்க மக்கா என்று உடனே கொடுத்துவிட்டார். கேட்டதும் கொடுத்தது எனக்கு அடுத்த சந்தேகம். பெட்டியில் என் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். மாதம் ஒரு தடவை எடுத்து, கையெழுத்துகள் இருக்கின்றனவா, தாள் மாறவில்லையா என்று பார்ப்பேன்.

அண்ணன் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கால் நிற்காது. அப்பாவின் பக்கத்தை விட்டு நகரமாட்டேன். அவர்கள் இருவரும் பேசுவதற்குத் தனியாக ஒரு நிமிஷம் கிடைக்காதபடி பார்த்துக்கொண்டேன். அப்பாவுக்கு அது தெரிந்திருந்தது. ஒரு தடவை, எட்டி, தண்ணி கோரிக்கொண்டு வா என்று அனுப்பினார், நான் வாளியை வைத்துவிட்டு ஓடி வந்தேன். அண்ணன் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தான். இருவரும் பேசியிருக்கவே இல்லை. நான் நம்பவில்லை.

அப்பா அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டார். அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில்கூட நான் பெட்டி இருந்த அறையைப் பூட்டிவிட்டுத்தான் கல்லறைக்குப் போனேன். அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்த்தபோது என் ஒரு கை இடுப்புச் சாவியில் இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு எல்லையும் முடிவாயிற்று. எங்கள் தாலுகா நின்ற பக்கமே நின்றது. விளவங்கோடு தமிழ்ப் பக்கம் போயிற்று, அதோடு அண்ணனுக்கு வந்த தென்னந்தோப்பும் போயிற்று. தமிழுக்காக அலைந்த என் வீட்டுக்காரர் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார், தேங்காய் எண்ணுவதைத் தவிர வேறொன்றிலும் தலையிடாத அண்ணனுக்குத் தமிழ்நாட்டில் நிலம் கிடைத்தது. என் வீட்டுக்காரர் பல நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு வேறு கவலை. வீட்டுவிளைக்குக் கரம், அதாவது நிலவரி, அப்பா பெயரில்தான் கட்டிக்கொண்டிருந்தோம், அதை என் பெயருக்கு மாற்ற வேண்டும். புது ராஜ்யத்தில் பழைய தாள் செல்லுமா என்று கேட்க ஒஸ்யத்தைச் சேலைக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் போனேன். தனியாகத்தான் போனேன்.

வக்கீல் தமிழ் தெரிந்தவர். தாளை மேலிருந்து கீழாக வாசித்தார். தாள் செல்லும், அதற்கொன்றும் குறைவில்லை என்றார். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, இந்த இரண்டாவது சாட்சி ஆரு என்றார்.

“எனக்க வீட்டுக்காரர்” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவர் தாளை மேசையில் வைத்துவிட்டார். ஒஸ்யத்தில் சாட்சி போடுகிறவருக்கோ அவருடைய மனைவிக்கோ எழுதிவைத்தது செல்லாது, அது உங்கள் கிறிஸ்தவர்களுக்குள்ள சட்டம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஒஸ்யத்து முழுவதும் கெட்டுப்போகவில்லை. உனக்குரிய பாகம் மட்டும் செல்லாது. அப்போது அது யாருக்குப் போகும் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. மீதியுள்ள சகலமும் மகனுக்கு. அந்த வரியை நான்தானே மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒன்றுமே எழுதாமல் அப்பா போயிருந்தால்கூடப் பாதி எனக்கு வந்திருக்கும்.

“எழுதின ஆளு இதைச் சொல்லலியா?” என்றார் வக்கீல்.

“சொன்னாரு.”

“பின்ன?”

தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் கையாலேயே என் தலையில் மண்ணை வாரிப் போட்டிருக்கிறேன். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவள் எந்தப் பாஷை பேசினாள் என்றுகூட அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தாளை வாங்கித் தன் கையெழுத்தைப் பார்த்தார். நீ சொல்லித்தானே போட்டேன் என்று மட்டும் சொன்னார். அப்புறம் பல வருஷம் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை, அதுவே எனக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

நான் வெட்கத்தோடு இருந்திருக்க வேண்டும். என் குணத்துக்கு வெட்கம் ஒரு வாரம்தான் தாங்கியது, பிறகு அது பயமாயிற்று, பயம் வழக்கம்போலச் சந்தேகமாயிற்று. அண்ணனுக்கு இது முன்பே தெரியும். வேலியோரம் அந்த மனுஷர் விரல் நீட்டிச் சொன்னது இதைத்தான். கிணற்றங்கரையில் அப்பாவிடம் பேசியதும் இதைத்தான். எல்லாம் தெரிந்துகொண்டு, எப்போது சுருக்குப் போடலாம் என்று காத்துக்கொண்டிருக்கிறான்.

ஒரு காலை, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது வேலிப்படலை திறக்கிற சத்தம் கேட்டது. அண்ணன். கூடவே அளவுச் சங்கிலியோடு ஒரு ஆள். பின்னால் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அதே ஆதாரமெழுத்துக்காரர். சங்கிலிக்காரன் எல்லைக்கல்லைத் தேடிக்கொண்டு மேற்கு மூலைக்குப் போனான்.

தேங்காய் வெட்டுகிற கத்தி சுவரோரம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அப்பாவின் காலைப் பிடித்தவள் நான், காடாத்துச் சடங்கு முடிந்த கையோடு நிலத்தைப் பிடிக்க வந்திருக்கிறாயே, நீ மனுஷனா என்றேன். அவன் மனைவியையும் இழுத்தேன், அவன் வியாபாரத்தையும் இழுத்தேன். ஆதாரமெழுத்துக்காரரைப் பார்த்து, நீங்களெல்லாம் சேர்ந்துதான் எழுதினீர்கள் என்றேன். அண்ணன் நான் முடிக்கிறவரை நின்றான்.

“எட்டி, கத்திய கீழ வை. அளக்க வந்தது எனக்கில்ல, உனக்காக்கும்” என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவன் கிணற்றங்கரைக் கல்லைக் கைகாட்டினான்.

“அன்னைக்கு இவரு ரோட்டுல வச்சு எனக்கு வெவரம் சொன்னாரு. நான் வந்து அப்பாட்ட சொன்னேன். வேற ஒண்ணு எழுதுவோம்னு சொன்னேன். அப்பா சம்மதிக்கல்ல. ‘திரும்ப எழுதப் போனா அவளுக்குச் சந்தேகம் கூடும், ஒறக்கமில்லாம அலைவா. அவ நிம்மதியா இருக்கட்டு. நான் போன பெறகு நீ எழுதிக் குடு’ன்னாரு. எனக்க கையப் பிடிச்சு சத்தியம் வாங்கினாரு.”

“அப்ப இத்தன நாளும் எதுக்குச் சொல்லல்ல?” என்றேன்.

“சொன்னா நீ என்ன கேப்ப? எனக்க வீட்ட எனக்கே எழுதித் தர நீ ஆருன்னு கேப்ப. வக்கீல்ட்ட போய் நீயே அறியணும்னு இருந்தேன். நீ போனத இவரு சொல்லி அறிஞ்சேன்.”

கத்தியைக் கீழே வைத்தேன். உள்ளே வா, சாயா போடுகிறேன் என்றேன். அவன் வரவில்லை.

“அப்பா கேட்டதுனால எழுதித் தாறேன் பாத்துக்க. நீ கேட்டிருந்தா தந்திருக்க மாட்டேன்.”

இதை அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. கோபத்தில் சொன்னதென்றால் பிறகு ஆறியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளலாம். அப்பா என்னை நம்பவில்லை, ஆனால் என் நிம்மதியை நினைத்தார். நான் யாரைக் கள்ளன் என்று நினைத்தேனோ அவனை நம்பி என் வீட்டை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கிணற்றங்கரையில் அவன் முகத்தைத் துடைத்தது எதற்கென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் கச்சேரிக்குப் போனோம். இந்தத் தடவை முத்திரைப் பத்திரம்தான். ஆதாரமெழுத்துக்காரர் எழுதி முடித்துவிட்டு, அண்ணன் கையெழுத்துப் போட்டதும், சாட்சி வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார், எடுத்தவர் அதை அப்படியே திரும்பச் சொருகிக்கொண்டு வெளியே போய் நின்றார். இதற்கு மருமகன் போடலாம், தடையில்லை என்று ஆதாரமெழுத்துக்காரர் சொன்னார். பாவம், அந்த மனுஷர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

“உனக்கு நம்பிக்கையுள்ள ரெண்டு ஆளச் சொல்லு. நான் போய் விளிச்சிட்டு வாறேன்.”

நான் யோசித்தேன். உபதேசியார் இறந்துபோயிருந்தார். அடுத்த வீட்டுக்காரியோடு வேலித் தகராறு. போதகர் அண்ணனுக்கு வேண்டியவர் என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்து ஆட்களில் யார் போலீசுக்குச் சொன்னார்கள் என்று தெரியாததால் எல்லோரோடும் பேச்சு நின்றிருந்தது. காரோடு முதல் பாறசாலைவரை ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். இரண்டு பேர் வேண்டாம், ஒரு பெயர்கூட என் வாயில் வரவில்லை. அண்ணன் அவசரப்படுத்தாமல் நின்றுகொண்டிருந்தான்.

“நீயே ஆரையாவது விளிச்சிட்டு வா அண்ணா” என்றேன்.

அவன் போய்க் கூட்டி வந்த இரண்டு பேரில் ஒருவர் அந்தப் பழைய கடைக்காரர். என் முன்னால் குனிந்து, மலையாளத்தில், சின்னதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வாசித்துக் காட்டட்டுமா என்று ஆதாரமெழுத்துக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

திரும்பி வரும்போது அண்ணன் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்தான். உதியன்குளங்கரையில் இறங்கும்போது தலையை மட்டும் ஆட்டினான். அதற்குப் பிறகு அவனை ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பார்ப்பேன், கல்யாணங்களில் பார்ப்பேன், பேசுவான். ஆனால் இந்த வீட்டுப் படியை அவன் சாகிறவரை மிதிக்கவில்லை. நானும் வா என்று ஒரு தடவைக்குமேல் கூப்பிடவில்லை, கூப்பிட எனக்கு முகமில்லை.

அந்த ஆதாரம் அதே பெட்டியில், அதே சேலைக்கு அடியில் இருக்கிறது. அதில் அறுபது சென்டும் எழுதியிருக்கிறதா, கிணற்றை எழுதியிருக்கிறதா, வழியை எழுதியிருக்கிறதா, எனக்குத் தெரியாது. அதை இதுவரை யாரையும் வைத்து வாசித்துக் கேட்கவில்லை.